மூன்று விரல் உயரம்

“இன்னொரு தடவை பாத்துடலாம்ணே” என்று கீழேயிருந்து கோச் சொன்னார்.

ஏணியில் நின்றிருந்த வெல்டர் டேப்பை மறுபடியும் இறக்கினான். கோச் குனிந்து அதன் முனையைப் பிடித்துத் தரையோடு அழுத்தினார். அது அவருடைய சொந்த டேப். புதிது, மஞ்சள் இன்னும் அழுக்காகவில்லை. கூடைப்பந்து வளையத்தின் விளிம்பில் அது முன்பு காட்டிய எண்ணையே காட்டியது.

“எவ்வளவு?”

“அதேதான். பத்தடி ரெண்டங்குலம்.”

“அந்தப் பக்கமும் அதே. சரியா பத்தடிதான் இருக்கணும். ஒண்ணு மட்டும்னா சாஞ்சிருச்சுன்னு விட்டுடலாம். ரெண்டும் பேசி வச்ச மாதிரி ஏறி நிக்குதே, எப்படிண்ணே?”

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த காலேஜ் வாட்ச்மேன் சொன்னார்.

“இவரும் இவரு மச்சானும்தான் சார் மாட்டுனாங்க. புதுசா தரை போட்ட மறுநாளே வந்து மாட்டிட்டுப் போனாங்க. அவரு இப்ப இல்ல.”

“இல்லன்னா? எங்க போயிருக்காரு?”

“இல்லன்னா இல்லதான் சார்.”

கோச்சுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. சின்ன வயது. இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே” என்றார். “நாளன்னைக்கு மொத மேட்ச். அதுக்குள்ள இறக்கிக் குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வெல்டர் ஏணியிலிருந்து இறங்கினான்.

காலேஜ் மைதானத்தின் பின்சுவர்தான் அவனுடைய பட்டறைக்கும் பின்சுவர். அவன் அந்தக் காலேஜில் படித்தவனில்லை. எந்தக் காலேஜிலும் படித்தவனில்லை. மச்சானும் அப்படித்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு மாப்பிள்ளையையும் தொழிலில் சேர்த்துக்கொண்ட மனிதர். பட்டறை தொடங்கிய புதிதில் சுவரைத் தாண்டிப் பந்து ஒன்று வந்து கேட்டுக்கு அடித்து வைத்திருந்த பெயின்டின் மேல் விழுந்தது. மச்சான் பந்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. வெல்டர் தேடிக்கொண்டு போனபோது கேலரியில் கடைசிப் படியில் உட்கார்ந்து, “அந்த இடக்கைக்காரனைப் பாரு மாப்ள, அவன் கையில என்னமோ இருக்கு” என்றார். அவர் சட்டையெல்லாம் பச்சை பெயின்ட். அன்றிலிருந்து அந்த டீம் அவர்களுடையதாகிவிட்டது. ஆடும் பையன்கள் மூன்று நான்கு வருஷத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதே படியில் இருந்தார்கள்.

ஒவ்வொரு பையனுக்கும் பெயர் வைப்பது மச்சான். எல்லோருக்கும் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பவன் ‘தபால்’. சில நாள் விலாசம் மாறிப் போகும். நடுவில் நிற்கும் உயரமானவன் ‘ஒட்டகம்’. வெளியூரிலிருந்து வரும் பையன்கள் எறியும் பந்து வளையத்தின் முன் விளிம்பில் இடித்து விழும்போது, மச்சான் கேலரியிலிருந்து எழுந்து நின்று கத்துவார்: “தம்பி, வீட்டுக்குப் போய் பால் குடிச்சுட்டு வாப்பா. கை எட்டும்!”

கேலரியே சிரிக்கும். இரண்டு சீசனாக இந்த மைதானத்தில் யாரும் இவர்களை ஜெயித்ததில்லை. வெளியூர் போனால் மட்டும் மானம் போகும். பந்து வளையத்தைத் தாண்டிப் போர்டில் இடித்துத் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும்.

மச்சான் லீவு மாதத்தில் இறந்துபோனார். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பி ஒன்றை எடுத்துக் கொடு என்று வெல்டர் கேட்டான். கொடுக்கவில்லை. மறுபடியும் கேட்டான். கண்ணில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியை அவன் கழற்றிப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு என்றார்கள். அவன் அழவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்த்தால் அடுத்தவர் காலைத் தொடுவது போல இருக்குமே, அன்றிலிருந்து அவனுக்கு எல்லாம் அப்படித்தான் இருந்தது. கேட் செய்தான், ஜன்னல் செய்தான், சாப்பிட்டான்.

அவன் பட்டறைக்குத் திரும்பியபோது எதிர்க்கடைத் தையல்காரரும் வேன் டிரைவரும் காத்திருந்தார்கள். வேன் டிரைவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். யாரும் அவரை அணைத்து வைத்ததில்லை.

“என்னப்பா, கதவு இன்னும் போன வருஷத்துலயே நிக்குது?” என்றார் ரேடியோ.

பட்டறைக் கதவின் உட்புறத்தைச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் ஆட்டங்களின் தேதி தெரிந்ததும் அந்த இரும்புத் தகட்டில் சாக்பீஸால் மச்சான் எழுதுவார். இடப்பக்கம் ‘இங்கே’. வலப்பக்கம் ‘வெளியே’. எந்த ஆட்டம் வெற்றி, எது தோல்வி என்று முன்கூட்டியே. அவருக்கு எல்லாமே வெற்றிதான். வெல்டர் உள்ளங்கையால் இரண்டு மூன்றை அழித்துத் தோல்வி என்று மாற்றுவான். “வாய்ல நல்ல வார்த்தையே வராதா மாப்ள உனக்கு?” என்பார் மச்சான். பிறகு தெருவே வந்து சண்டை போடும். போன வருஷத்துக் கையெழுத்து இன்னும் அப்படியே இருந்தது.

“எழுதணும்” என்றான் வெல்டர்.

“எப்ப? சீசன் முடிஞ்சப்பறமா? அப்ப நான்கூடக் கரெக்டா எழுதுவேனே.”

“சும்மா இருய்யா” என்றார் தையல்காரர். “அவனுக்கு மனசு சரியில்ல.”

“மனசா எழுதப்போகுது? கைதானே? நாங்க எதை வச்சு சண்டை போடுறது, சொல்லு. இந்த வருஷம் ஒட்டகம் முட்டி வலின்னு நொண்டுறான். இடக்கைக்காரன் தம்பின்னு ஒருத்தன் புதுசா வந்திருக்கான், அவனும் இடக்கையாம். இங்க ஒண்ணும் பயமில்ல. வெளியே போனாதான் வம்பு. பசங்கள ஹால்ல படுக்க வைக்கிறானுங்க. கொசு. தூக்கமே இல்ல.”

“போன தடவ தண்ணி ஒத்துக்கலன்னு சொன்ன?” என்றார் தையல்காரர்.

“தண்ணியும்தான்.” ரேடியோ வெல்டர் பக்கம் திரும்பினார். “அது இருக்கட்டும். புதுக் கோச்சு ரிங்கை இறக்கச் சொல்றானாமே? உண்மையா?”

“ஆமா. ரெண்டங்குலம் ஏறியிருக்கு.”

“இருக்கட்டுமே. நம்ம வீட்டு வாசப்படி உசரமா இருந்தா விருந்தாளிதான் பாத்து ஏறணும்.”

தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். “நம்ம பசங்க அந்தப் படியிலயே ஏறி ஏறிப் பழகிட்டுத்தான் வெளியே போய்த் தடுக்கி விழுறாங்களோ?” என்றார். யோசித்தார். “அப்ப தண்ணி இல்லயா?”

“தண்ணியும்தான்னேன்ல?” ரேடியோ குரலைத் தாழ்த்தினார்; அது அடுத்த கடை வரைதான் கேட்டது. “இங்க பாரு. வெல்டிங் ராடு தீந்துபோச்சுன்னு சொல்லு. மிஷின் சூடாயிடுச்சுன்னு சொல்லு. மொத மேட்சுக்கு வர்றது யாருன்னு தெரியும்ல? போன வருஷம் அவங்க ஊர்ல நம்மள ஓட ஓட விரட்டுனவனுங்க. நாளன்னைக்கு மட்டும் ரிங் அங்கயே நிக்கட்டும். அப்பறமா ஒரு கல்லு மேல ஏத்துனாலும் சரி, தரையில வச்சாலும் சரி.”

“தப்பு தப்புதானே” என்றார் தையல்காரர்.

“என்ன தப்பு? அது இவன் மச்சான் மாட்டுன ரிங்குய்யா. அதையும் கழட்டிட்டா அந்த மனுஷனுக்குன்னு அங்க என்ன இருக்கு?”

அதைக் கேட்டதும் உள்ளே ஏதாவது அசையும் என்று வெல்டர் காத்திருந்தான். அசையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டான். பொறி பறந்ததும் இரண்டு பேரும் நகர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கை கழுவிவிட்டு வரும்வரை பொறுத்தாள்.

“எங்கண்ணன் தப்பா அளந்துட்டாராமே?”

“யாரு சொன்னா?”

“வாட்ச்மேன் வீட்டம்மா கடையில சொல்லுது. மேல இருந்தவரு சரியாத்தான் பாத்தாராம். கீழ பிடிச்சவருதான் கோட்டை விட்டுட்டாராம். நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே. அவரு போன அன்னைக்கும் ஒண்ணும் சொல்லல. வாடகை நாற்காலிக்காரர் மாதிரி, வர்றவங்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுட்டு நின்னீங்க. நான் ஒருத்திதான் பைத்தியம் மாதிரி அழுதேன்.”

அவன் மடித்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் மச்சானுடைய பட்டறைச் சட்டை ஒன்று இருந்தது. யாரும் போடாத சட்டையை அவள் மறுபடியும் துவைத்திருந்தாள்.

“தப்பு யார் மேலன்னு போய்ப் பாருங்க” என்றாள். “உங்க மேலன்னா உங்க மேல. அவர் மேலன்னா அவர் மேல. எதுவா இருந்தாலும் வந்து எங்கிட்ட சொல்லுங்க. பதில் சொல்ல வர முடியாத மனுஷன் தலையில கட்டிட்டு சும்மா இருக்காதீங்க.”

மறுநாள் காலையில் வெல்டர் தன் பழைய டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

அந்த டேப்பின் முதல் இரண்டு அங்குலம் கிடையாது. எப்போதோ மச்சான் அதன்மேல் ஒரு கேட்டைப் போட்டு ஒடித்துவிட்டார். புதிது வாங்கலாம் என்றதற்கு, “ரெண்டு பல்லு போச்சுன்னு வாயையே மாத்துவியா?” என்று கேட்டார். அதோடேயே வேலை பார்த்தார்கள். மச்சான் உயரமானவர், ஏணியில் ஏறுவது எப்போதும் அவர். வெல்டர் கீழே. ஒடிந்த இரண்டு அங்குலத்தைச் சரிக்கட்டுவது கீழே பிடிப்பவன் பொறுப்பு. அவன் மூன்று விரலைச் சேர்த்து நுனியைத் தரையில் ஊன்றி, இரண்டாவது கணுவில் டேப்பின் முனையை நிறுத்துவான். நுனியிலிருந்து அந்தக் கணு வரை இரண்டு அங்குலம். மேலே நிற்கும் மச்சான் டேப்பில் இருக்கும் எண்ணை அப்படியே படித்துக்கொள்வார். இதைப்பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது.

வளையம் மாட்டிய அன்றைக்கு மட்டும் மச்சான் ஏறவில்லை.

“இன்னைக்கு நீ ஏறு மாப்ள. ஏணியைப் பாத்தாலே மூச்சு வாங்குது.”

“வயசாயிடுச்சு மச்சான் உங்களுக்கு.”

“ஆமா, உனக்கு மட்டும் குறையுது.”

அதற்கப்புறம் ஏணி வேலை எதையும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சோம்பல் என்றுதான் வெல்டர் நினைத்திருந்தான்.

இப்போது கீழே பிடிக்க ஆளில்லாததால் ஒரு செங்கல்லை எடுத்து டேப்பின் முனையைத் தரையோடு அழுத்தி வைத்தான். ஏறினான். வளையத்தின் விளிம்பில் பத்தடி நான்கு அங்குலம் என்று காட்டியது, கோச்சின் டேப்பைவிட ஒடிந்த இரண்டு கூட. அன்றைக்கு அவன் படித்து மாட்டியது பத்தடி இரண்டங்குலம். அது நன்றாக நினைவிருந்தது. டேப்பில் இரண்டு குறைவதால் மேலே பத்தடியோடு இரண்டு கூட்டிக்கொண்டான். சரிக்கட்டுவது எப்போதும் அவன் வேலை. ஏணியில் ஏறினாலும் அவன் வேலையாகத்தான் அவனுக்குத் தோன்றியது. அப்படியானால் அன்று டேப் தரையில் இருக்கவில்லை.

இறங்கிவந்து செங்கல்லை நகர்த்தினான். வளையத்துக்கு நேர் கீழே, சிமென்ட் தரையில், பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள். தரை போட்ட மறுநாள், ஈரம் முழுக்கக் காயாதபோது அழுத்தியவை. பையன்கள் இரண்டு வருஷமாக அதன்மேல் ஓடியிருக்கிறார்கள். பூனை நடந்திருக்கும் என்று யாராவது நினைத்திருப்பார்கள். வெல்டர் எதிர்ப்பக்க வளையத்துக்கு நடந்து போனான். அங்கேயும் இருந்தது.

கீழே பிடிப்பவன் என்ன செய்வான் என்பதை மச்சான் இத்தனை வருஷமாக மேலேயிருந்து பார்த்திருந்தார். கீழே வந்ததும் அதையே செய்தார்.

வெல்டர் குந்தி உட்கார்ந்து தன் மூன்று விரலை அந்தப் பள்ளங்களில் ஊன்றினான். பொருந்தவில்லை. மச்சானுக்குத் தடித்த விரல். தரை குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரம் விரலை அப்படியே வைத்திருந்தான். பிறகு எழுந்துபோய் மிஷினை எடுத்துவந்தான்.

போர்டைத் தாங்கும் இரும்புக் கை கம்பத்தோடு சேரும் இடத்தில் பழைய வெல்டிங்கை அறுத்தான். அவனே வைத்த வெல்டிங், சுலபத்தில் விடவில்லை. ஒட்டகமும் தபாலும் இன்னும் இரண்டு பையன்களும் மேஜைகளின் மேல் நின்று போர்டைத் தாங்கிக்கொண்டார்கள். கோச் தன் புது டேப்பைத் தரையில் வைத்து அழுத்திப் பிடித்தார். இறக்கி, சரிபார்த்து, பற்றவைத்தான். ஒட்டகம் கீழேயிருந்து வளையத்தைப் பார்த்து, “இவ்வளவு பக்கத்துலயா இருக்கும்?” என்றான்.

“எல்லா ஊர்லயும் இவ்வளவு பக்கத்துலதாண்டா இருக்கு” என்றார் கோச்.

மதியத்துக்குள் இரண்டாவதும் முடிந்தது. பையன்கள் எறிந்து பார்த்தார்கள். எல்லாம் வளையத்தைத் தாண்டிப் போயின. உள்ளூரிலேயே அந்த டமார் சத்தத்தை வெல்டர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எப்படிண்ணே ஏறிப்போச்சு?” என்று கோச் கேட்டார். “கண்டுபிடிச்சீங்களா?”

“மேல நின்னு படிச்சவன் நான்தான்” என்றான் வெல்டர்.

“பரவால்லண்ணே. நாளைக்கு அடி வாங்குவோம். பழகிக்கிட்டா அப்பறம் எங்க போனாலும் ஒண்ணுதான். நீங்க என்ன நினைக்கிறீங்க, இந்த சீசன் எப்படி இருக்கும்?”

வெல்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “தெரியல” என்றான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவன் அப்படிச் சொன்னதில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்பதற்கு முன்பே சொன்னான்.

“உங்கண்ணன் சரியாத்தான் பிடிச்சிருக்கார்.”

“அப்ப தப்பு உங்களுதா?”

“நானும் சரியாத்தான் படிச்சிருக்கேன்.”

“ரெண்டு பேரும் சரின்னா எப்படித் தப்பாகும்?”

அவன் தரையில் உட்கார்ந்து மூன்று விரலைச் சேர்த்து ஊன்றிக் காட்டினான். மேலே இரண்டு கூட்டியதைச் சொன்னான். விடுபட்ட இரண்டு அங்குலத்தை இரண்டு பேருமே போட்டிருந்தார்கள். அவள் அந்த விரல்களையே பார்த்தாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆச்சு” என்றாள். “மச்சான், நீங்க பாத்துக்கிட்டீங்களா, நான் பாக்கணுமான்னு. வாய்ல என்ன, வெல்டிங்கா வச்சிருந்தீங்க?”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“தரையில இருக்கா அந்தத் தடம்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இருக்கு.”

“ரிங்கை இறக்கிட்டீங்கல்ல? அதை யாரும் பூசிடாமப் பாத்துக்கோங்க.”

இருட்டுவதற்குள் பட்டறைக்குப் போய்க் கதவை உட்பக்கம் இழுத்தான். ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தான். ‘இங்கே’ போயிற்று, ‘வெளியே’ போயிற்று, மச்சான் எழுதிய வெற்றிகளும் அவன் திருத்திய தோல்விகளும் போயின. துணி வெளுத்தது. காய்ந்ததும் சாக்பீஸை எடுத்து இடப்பக்கத்தில், ‘முதல் ஆட்டம்: தோல்வி’ என்று எழுதினான். உள்ளூர் ஆட்டத்துக்கு அவன்கூடத் தோல்வி எழுதியதில்லை. மற்ற ஆட்டங்களுக்கு இடம் விட்டுவைத்தான்.

மறுநாள் காலையில் ரேடியோ வந்து கதவைப் படித்துவிட்டு அவனோடு பேசாமல் போனார். தையல்காரர் வந்து படித்தார், “சரி” என்றார். பகலில் ஒரு ஜன்னல் முடிந்தது. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. வெல்டர் கடைசிப் படியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். பக்கத்து இடத்தில் யாரோ ஒருவர் பையை வைத்தார், பிறகு அவரே உட்கார்ந்துகொண்டார். டீம் தோற்றது. பந்து வளையத்தைத் தாண்டித் தாண்டிப் போர்டில் இடித்தது. கடைசி நேரத்தில் இடக்கைக்காரன் தம்பி எறிந்த இரண்டு உள்ளே போயின. கேலரியில் யாரும் கத்தவில்லை. ஆட்டம் முடிந்ததும் வெல்டர் இறங்கிப்போய் இரண்டு பக்கமும் தரையைப் பார்த்தான். தடம் இருந்தது. பட்டறைக்குத் திரும்பியபோது ஒருவர் கேட் செய்ய வேண்டும் என்று காத்திருந்தார். அவரோடு அவர் வீட்டுக்குப் போனான். வாசல் தூணின் உயரத்தை அளக்க அவரைக் கீழே பிடிக்கச் சொன்னான்.

“தரையில வச்சுப் பிடிங்க” என்றான்.

“தரையிலதான் இருக்கு.”

“நல்லா அழுத்திக்கோங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

டேப்பில் இருந்ததைப் படித்து, இரண்டைக் கழித்துக்கொண்டான்.